மெதுவாக ஏறும்போது சைக்கிள் ஏன் ஆடுகிறது?

பொங்கல் விளையாட்டுகளில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே, கால் தரையில் படாமல், கடைசியாக வந்து சேர்பவருக்குப் பரிசு. அடுத்த முறை பார்க்கும்போது ஓட்டுபவரின் காலைப் பார்க்காமல் ஹாண்டில்பாரைப் பாருங்கள். வேகமாகப் போகும் சைக்கிளில் அசைவதே தெரியாத ஹாண்டில்பார், இங்கே இடமும் வலமுமாக ஒரு நொடிகூட ஓயாமல் திரும்பிக்கொண்டிருக்கும். தலையும் தோளும் அநேகமாக அசையாது. ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்து நேராகவே வைத்திருக்க முயல்பவர்கள்தான் முதலில் காலை ஊன்றுகிறார்கள்.

பயணப் பைகளோடு மலைப்பாதை ஏறுவதும் இதே போட்டிதான். அங்கே மைதானம் சமதளம், இங்கே சரிவு. அங்கே வெறும் சைக்கிள். இங்கே கேரியரில் கூடாரமும் துணியும் அடுப்பும் தண்ணீருமாக 25 கிலோ. அங்கே சுற்றிலும் கைதட்டும் கூட்டம். இங்கே முதுகுக்குப் பின்னால் லாரி.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம், பாளையங்கோட்டையிலிருந்து, மலைக்கு அப்பால் கேரளத்தில் இருக்கும் புனலூருக்குச் சைக்கிளில் கிளம்பினேன். மூட்டை முழுவதும் பின் கேரியரில். ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி, செங்கோட்டை வரை சைக்கிள் சொன்ன பேச்சைக் கேட்டது. புளியரை தாண்டி, எஸ் வளைவு என்று எல்லோரும் சொல்கிற அந்த இடத்தில் ஏறத் தொடங்கியதும் நிலைமை மாறிவிட்டது. வேகம் 5 கிலோமீட்டருக்குக் குறைந்தது. முன்சக்கரம் இடப்பக்கம் ஓடியது. திருப்பினேன், வலப்பக்கம் ஓடியது. பயத்தில் ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்தேன். அடுத்த இரண்டு மிதியில் சாலையோர மண்ணில் விழுந்து கிடந்தேன். பின்னால் வந்த லாரி நின்றது. கிளீனர் இறங்கி வந்து சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தார். முழங்கை சிராய்ப்போடு போயிற்று.

காலில் வலு போதாததால்தான் விழுந்தேன் என்று அன்று நினைத்தேன். அது தவறு. நான் விழுந்ததற்கும் கால் வலுவுக்கும் மிகக் குறைந்த தொடர்புதான் உண்டு. பாரத்தோடு முதல் முறை ஏற்றத்துக்குப் போகிற பலரும் இதே தவறான முடிவுக்கு வந்து, பயணத்தையே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளங்கையில் விளக்குமாறு

சைக்கிள் நிற்பதில்லை, விழுந்துகொண்டே இருக்கிறது, ஓட்டுபவர் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார். சிறுவயதில் விளக்குமாற்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் நிமிரும். சைக்கிளில் அந்த உள்ளங்கையின் வேலையைச் சக்கரங்கள் செய்கின்றன. இடப்பக்கம் சாய்ந்தால் சக்கரங்கள் இடப்பக்கம் நகர்ந்து, சாயும் எடைக்கு அடியில் போய் நிற்க வேண்டும்.

ஆனால் கை நினைத்த மாத்திரத்தில் பக்கவாட்டில் நகரும். சக்கரம் அப்படி நகராது. முன்னோக்கி உருண்டுகொண்டே, ஹாண்டில்பார் திரும்பிய அளவுக்குத்தான் அது பக்கம் மாறும். முன்னோக்கி ஓடும் வேகம் குறைந்தால் பக்கம் மாறும் வேகமும் குறைந்துவிடும். அதை ஈடுகட்ட ஒரே வழி, ஹாண்டில்பாரை அதிகமாகத் திருப்புவது. எவ்வளவு அதிகம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வேகம் பாதியானால் இரண்டு மடங்கு திருப்பினால் போதாது. நான்கு மடங்கு திருப்ப வேண்டும். வேகம் கால் பங்கானால் பதினாறு மடங்கு.

ஆலங்குளம் சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, சிறு சாய்வொன்றைச் சரிசெய்ய அரை டிகிரி திருப்பம் போதும் என்று வைத்துக்கொள்வோம். அது கண்ணுக்கே தெரியாது. கை தானாகச் செய்துவிடும். அதே சாய்வை 5 கிலோமீட்டர் வேகத்தில் சரிசெய்ய 8 டிகிரி வேண்டும். இது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற ஆட்டம். ஆகவே, ஏற்றத்தில் முன்சக்கரம் ஆடுவது கோளாறு அல்ல. அந்த ஆட்டம்தான் உங்களை விழாமல் காப்பாற்றுகிறது. பயந்துபோய் அதை அடக்கியதுதான் நான் செய்த பிழை.

சுழலும் சக்கரம் பம்பரத்தைப் போலத் தானே நிமிர்ந்து நிற்கும், அதனால்தான் சைக்கிள் விழுவதில்லை என்று பள்ளியில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது முழு உண்மை அல்ல. டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பக்கத்தில் பொருத்தி அந்தப் பம்பர விளைவை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். சைக்கிளை ஓட்ட முடிந்தது. 1970-இல் இதைக் கட்டுரையாக எழுதினார். பிறகு 2007-இல் வெளியான ஒரு கணித ஆய்வு, மாதிரிச் சைக்கிள் ஒன்று ஓட்டுபவரின் கை உதவியே இல்லாமல் தானே நிமிர்ந்து ஓடும் வேகம் எது என்று கணக்கிட்டது. விடை, மணிக்கு ஏறக்குறைய 15 முதல் 22 கிலோமீட்டர் வரை. உங்கள் சைக்கிளுக்கு இந்த எண்கள் சற்று மாறலாம். ஆனால் மலை ஏறும் 5 கிலோமீட்டர் வேகம் அந்த எல்லைக்கு வெகுதூரம் கீழே இருக்கிறது. சமவெளியில் பாதி வேலையைச் சைக்கிளே செய்துகொள்கிறது. ஏற்றத்தில் மொத்த வேலையும் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் ஒரே கேள்வியில் அடங்கிவிடும்: அந்தக் கை தடையில்லாமல் வேலை செய்ய முடிகிறதா?

முன்சக்கரத்துக்குத் தரை வேண்டும்

முதல் தடை, முன்சக்கரத்தின் மேல் எடை இல்லாமல் போவது. என் கணக்கையே சொல்கிறேன். நான் 65 கிலோ, சைக்கிள் 15 கிலோ, மூட்டை 25 கிலோ, மொத்தம் 105. மூட்டை இல்லாமல் சமதளத்தில் உட்கார்ந்தால் முன்சக்கரத்தில் சுமார் 32 கிலோ விழும். 25 கிலோவையும் பின் கேரியரில் ஏற்றினால் முன்சக்கரத்துக்கு அதில் ஒன்றும் போய்ச் சேராது. மூட்டை பின் அச்சுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால் இருந்த எடையில் ஒரு கிலோ குறையவே செய்யும். மீதி 31.

இப்போது நூறு மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் ஏற்றத்தில் சைக்கிளை நிறுத்துங்கள். சரிவில் எடை பின்னோக்கிச் சாயும். இந்தக் கணக்குக்கு ஏறக்குறைய 10 கிலோ முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்குப் போய்விடும். மீதி 21. இதற்கு மேல் மூச்சு வாங்க நிமிர்ந்து உட்கார்ந்து, ஹாண்டில்பாரை நெஞ்சை நோக்கி இழுத்து மிதித்தால் இன்னும் குறையும். 105 கிலோ பாரத்தைத் திருப்ப வேண்டிய சக்கரம், தரையை ஒப்புக்குத் தொட்டுக்கொண்டு போகிறது. எஸ் வளைவில் நடந்தது இதுதான்.

மூட்டையில் 10 கிலோவை முன்சக்கரத்தைக் கவ்விப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரு பக்கமும் தொங்கும் சிறு பைகளுக்கு மாற்றினால், அதே ஏற்றத்தில் முன்சக்கரத்தில் மீண்டும் 31 கிலோ இருக்கும். கூடுதலாக ஒரு கிராம்கூட வாங்கவில்லை, எதையும் வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை; இருப்பதை இடம் மாற்றியதோடு சரி. ஏற்றத்துக்காகச் செய்யக்கூடிய மாற்றங்களில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது இதுதான்.

முன்னால் வைப்பதிலும் இடம் பார்த்து வைக்க வேண்டும். வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். சைக்கிளைச் சீட்டைப் பிடித்து நிறுத்தி, ஹாண்டில்பாரைத் தொடாமல் மெல்ல இடப்பக்கம் சாய்த்துப் பாருங்கள். முன்சக்கரம் தானாக இடப்பக்கம் திரும்பி விழும். ஃபோர்க் சாய்வாக அமைந்திருப்பதால் வரும் குணம் இது. வேகத்தில் இது உதவி. மெதுவாகப் போகும்போது, திருப்ப நினைத்த அளவைத் தாண்டிச் சக்கரம் தானே விழப் பார்க்கும். இப்போது ஹாண்டில்பாரில் 5 கிலோ பையை மாட்டி மீண்டும் சாய்த்துப் பாருங்கள். எவ்வளவு வேகமாக, எவ்வளவு கனமாக விழுகிறது என்று கையில் தெரியும். அதே 5 கிலோவை ஃபோர்க்கின் இரு பக்கமும் சக்கர அச்சின் உயரத்துக்கு அருகே கட்டினால் அந்த விழுகை அவ்வளவு முரட்டுத்தனமாக இராது. ஹாண்டில்பார் பையில் கேமரா, பணம், ஒரு வாழைப்பழச் சீப்பு, இவ்வளவு போதும். அரிசியும் அடுப்பும் கீழே போகட்டும்.

முன்னால் பாரம் ஏற்றிய சைக்கிள் முதல் ஒரு மணி நேரம் விசித்திரமாக இருக்கும். ஹாண்டில்பார் சோம்பலாகத் திரும்புவதுபோலத் தோன்றும். பலர் அங்கேயே மனம் மாறி எல்லாவற்றையும் பின்னால் கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கை பழக அரை நாள் ஆகும். பழகிய பிறகு அந்தச் சோம்பலே பதற்றமான சிறு அசைவுகளை அடக்கிக் கொடுக்கும்.

பால்காரரும் காவடியும்

இடமும் வலமும் சமமாக இருக்க வேண்டும் என்பதைத் திருச்செந்தூர்ப் பாதையில் காவடியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பைகளைக் கையில் தூக்கிப் பார்த்தால் போதாது. வீட்டில் இருக்கும் தொங்கு தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 2 கிலோ கூடினால் சமதளத்தில் தெரியாது. ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் சைக்கிள் அந்தப் பக்கமே சாயப் பார்க்கும். பாதி நிரம்பிய தண்ணீர் கேன் இன்னொரு தொல்லை. சைக்கிள் ஒரு பக்கம் சாயும்போது தண்ணீரும் அதே பக்கம் ஓடும். நிரப்பிக் கட்டுங்கள், அல்லது காலியாகவே கொண்டுபோய்ச் செங்கோட்டையில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

உயரத்தைப் பற்றிச் சற்று நின்று யோசிக்க வேண்டும். பாரம் தாழ்வாக இருந்தால் சைக்கிள் விழாது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். விளக்குமாற்றை நினைத்துப் பாருங்கள்: நீளமான விளக்குமாற்றை உள்ளங்கையில் நிறுத்த முடிகிறது, குட்டைப் பென்சிலை நிறுத்த முடிவதில்லை. உயரமானது மெதுவாகச் சாயும். பிடிக்க நேரம் கிடைக்கும். அப்படியானால் மூட்டையைக் கேரியரின் மேல் அடுக்கிவிடலாமா?

கூடாது. ஏன் என்பதற்குப் பால்காரரைப் பாருங்கள். கேன்களை அவர் கேரியருக்கு மேலே அடுக்குவதில்லை. இரு பக்கமும் தொங்கவிடுகிறார். குடத்தில் தண்ணீர் கொண்டுவருபவர்களும் அப்படித்தான். கேரியர் மெல்லிய கம்பிகளால் ஆனது. மேலே அடுக்கிய மூட்டை அந்தக் கம்பிகளை வளைத்து ஆடும். சைக்கிள் இடப்பக்கம் நிமிர்ந்த பிறகும் மூட்டை வலப்பக்கமே போய்க்கொண்டிருக்கும்; அரை நொடி தாமதித்து வந்து சேர்ந்து, நீங்கள் அப்போதுதான் நிமிர்த்திய சைக்கிளை மறுபடி தள்ளும். உள்ளங்கையில் விளக்குமாற்றை நிறுத்தலாம்; அதன் நுனியில் செங்கல்லைக் கயிற்றில் தொங்கவிட்டு நிறுத்த முடியுமா? இன்னொரு காரணம், நிற்கும்போதும் கிளம்பும்போதும் சாயும் சைக்கிளைத் தாங்குவது உங்கள் இடுப்பும் கையும்தான். உயரத்தில் இருக்கும் 10 கிலோ, கீழே இருக்கும் 10 கிலோவைவிட அதிகமாக இழுக்கும். மலையில் நிற்பதும் கிளம்புவதும் பலமுறை நடக்கும்.

கட்டுவதற்குப் பழைய டியூப்பை நீளமாக வெட்டிய ரப்பர் பட்டைக்கு ஈடில்லை. மூட்டையைக் கையால் ஆட்டிப் பாருங்கள். மூட்டை ஆடினால் சைக்கிளும் சேர்ந்து ஆட வேண்டும். மூட்டை மட்டும் தனியாக ஆடினால் இன்னும் ஒரு சுற்றுக் கட்டுங்கள்.

விரல் தட்டிக் காட்டியது

விழுந்து திரும்பிய வாரத்தில், பாளையங்கோட்டையில் நான் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் நடந்ததைச் சொன்னேன். மூட்டையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கினார். ஹாண்டில்பாரை ஒரு விரலால் மெல்லத் தட்டினார். அது இரு பக்கமும் ஆடி அடங்க வேண்டும். அப்படி ஆடவில்லை, நடுவுக்கு வந்ததும் பள்ளத்தில் விழுந்த கோலிக்குண்டைப் போல அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி தட்டினார். மறுபடி அதே இடம்.

“தம்பி, இந்த ஹாண்டில் நேராக நிற்கவே ஆசைப்படுகிறது. நீங்கள் எப்படித் திருப்புவீர்கள்?” என்றார்.

ஃபோர்க்கைத் தாங்கும் கப்பைக் கழற்றினார். கருத்துப்போன கிரீஸைத் துணியால் துடைத்ததும், உள்ளே குண்டுகள் உட்கார்ந்து உட்கார்ந்து உண்டாக்கிய சிறு பள்ளங்கள் வளையமாகத் தெரிந்தன. போதாததற்கு, ஹாண்டில் ஆட்டம் கொடுக்கிறது என்று யாரோ மேல் நட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தார்கள். சமவெளியில் ஓட்டும்போது இதை நான் உணரவே இல்லை. அரை டிகிரி திருப்பம் எப்படியோ நடந்துவிடும். ஏற்றத்தில் அடிக்கடி எட்டு டிகிரி திருப்ப வேண்டியிருக்கும்போது, ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளத்திலிருந்து குண்டுகளைக் கிளப்பித்தான் திருப்ப முடியும். கை கொஞ்சம் அதிகமாகத் தள்ளும்; சக்கரம் தாவித் திரும்பும்; திருத்த மறுபக்கம் தள்ளினால் மறுபடி பள்ளம்.

பயணத்துக்கு முன் எல்லோரும் பிரேக்கைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள். இதைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. ஒரு விரலும் அரை நிமிடமும் போதும். புதிய கப்பும் குண்டும் பெரிய செலவல்ல. பைகளை எல்லாம் மாட்டிய பிறகும் ஒருமுறை ஹாண்டில்பாரை முழுதாகத் திருப்பிப் பாருங்கள். சுருட்டிக் கட்டிய கூடாரமோ பிரேக் கம்பியோ எங்காவது தடுத்தால் அவிழ்த்து வேறு மாதிரி கட்டுங்கள்.

கியர்: மிதி ஒன்றுக்கு எத்தனை மீட்டர்?

கியர் இல்லாத நம் பழைய கம்பிப் பிரேக் சைக்கிள், பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் 5 மீட்டருக்கு மேல் போகும். 5 கிலோமீட்டர் வேகம் என்பது நிமிடத்துக்கு 83 மீட்டர். அப்படியானால் நிமிடத்துக்குப் பதினைந்து பதினாறு சுற்று மட்டுமே. பெடல் உச்சியிலும் அடியிலும் வரும்போது கால் தள்ள முடியாத ஒரு நொடி உண்டு; ஏற்றத்தில் அந்த நொடியில் சைக்கிள் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நிற்கிற சைக்கிளை ஹாண்டில்பாரால் காப்பாற்ற முடியாது. அடுத்த மிதியில் உடலின் மொத்த எடையையும் ஒரு பக்கப் பெடலில் போடுவதால் சைக்கிள் அந்தப் பக்கம் சாய்கிறது. வாழைத்தார் ஏற்றிவருபவர் மேட்டைக் கண்டதும் இறங்கித் தள்ளுவது இதனால்தான். அது அனுபவம் சொன்ன சரியான முடிவு.

முன்னால் 26 பல், பின்னால் 34 பல் கொண்ட கியரில், பெடல் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.6 மீட்டர்தான் போகும். அதே 5 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 52 சுற்று. கால் தள்ளாத அந்த நொடி கண்ணிமைக்கும் நேரமாகச் சுருங்கிவிடும். பெடல் சுற்றச் சுற்றச் சைக்கிள் சீராக ஊர்ந்து போகும்.

இன்னும் சிறிய கியர் வாங்கினால் இன்னும் நல்லதா என்று கேட்பார்கள். ஓரளவுக்குத்தான். கால் சுகமாகச் சுற்றும். ஆனால் வேகம் 4 கிலோமீட்டருக்குக் கீழே போனால் ஹாண்டில்பாரின் வேலை கட்டுமீறிப் போய்விடும். முட்டிக்கு இதமான கியர் ஒன்று, சமநிலைக்கு இதமான வேகம் ஒன்று. இரண்டும் சேரும் இடம் பெரும்பாலும் 5-க்கும் 7-க்கும் நடுவே இருக்கும். ஏற்றம் தொடங்கும் முன்பே கியரை மாற்றிவிடுங்கள். பாதியில் முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கரகரக்கும், ஒரு மிதி வீணாகும், அந்த ஒரு மிதியிலேயே விழலாம்.

சீட்டில் கொஞ்சம் முன்னே நகர்ந்து உட்காருங்கள். முழங்கை மடிந்திருக்கட்டும், பிடி தளர்ந்திருக்கட்டும். குருவிக் குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடித்தால் போதும். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது. பத்து மீட்டர் தள்ளிப் பாருங்கள். சக்கரத்தையே பார்த்தால் ஒவ்வொரு ஆட்டமும் ஆபத்தாகத் தெரிந்து, தேவையில்லாமல் திருத்தத் தொடங்குவீர்கள். எழுந்து நின்று மிதிப்பதைக் கூடியவரை தவிருங்கள். எழுந்தால் சைக்கிள் இரு பக்கமும் சாயும், அதோடு பைகளும் சாயும்.

காற்று, வளைவு, லாரி

செங்கோட்டைக் கணவாய் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றின் வாசல். குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்று, ஏறுபவரின் நெஞ்சில் மோதும்; சாலை வளையும்போது பக்கவாட்டில் வந்து பைகளைத் தள்ளும். தெற்கே ஆரல்வாய்மொழிப் பக்கமும் இதே கதை. காற்றாலைகள் அங்கே வரிசையாக நிற்பதற்குக் காரணமே அதுதான். பக்கக் காற்றில் சாலையின் விளிம்பை ஒட்டி ஓட்டாதீர்கள். தள்ளப்படுவதற்கு ஒரு முழமாவது இடம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் விடியற்காலையில் ஏறத் தொடங்குவது என் வழக்கம்.

வளைவின் உட்புறம் எப்போதும் செங்குத்து. வெளிப்புறம் சற்றுச் சாய்வு. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது வளைவுகளில் உட்புறச் செங்குத்து நம் தலையில் விழும். சாலை காலியாக இருந்தால் நம் பாதியின் நடுவரை விலகி ஏறலாம். பின்னால் லாரி வருகிறது என்றால் ஏறவே கூடாது. நீளமான வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும்; இடது வளைவின் உள்விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கும் சைக்கிளுக்கு அங்கே இடமே இருக்காது. வளைவுக்கு முன்பே ஓரமாக இறங்கி, சைக்கிளை நிறுத்தி, லாரியைப் போகவிடுங்கள். இதில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம்.

இறங்கித் தள்ளும்போது சைக்கிளின் இடப்பக்கம் நில்லுங்கள். இடது கை ஹாண்டில்பாரில், வலது கை சீட்டில்.

மீண்டும் ஏறுவதுதான் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் இரண்டு பிரேக்கையும் பிடியுங்கள். சாலை காலியாக இருக்கிறதா என்று திரும்பிப் பாருங்கள். மேலே நேராகப் பார்க்காமல், சரிவுக்குக் குறுக்காகச் சைக்கிளைச் சாய்கோணத்தில் நிறுத்துங்கள். குறுக்கே போகும்போது ஏற்றம் குறைந்துவிடும். வலது பெடலை முன்பக்கமாக, உச்சிக்குச் சற்றுக் கீழே கொண்டுவாருங்கள். இடது காலுக்குச் சாலையோரக் கல் ஏதாவது கிடைத்தால் அதன் மேல் ஊன்றுங்கள். பிரேக்கை விடுவதும் வலது காலால் அழுத்துவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அந்த ஒரு மிதியில் சீட்டில் உட்கார்ந்துவிட வேண்டும். இடது கால் பெடலைத் தேடக் கூடாது, எங்கே கிடைக்கிறதோ அங்கே வைத்து மிதிக்க வேண்டும். இரண்டு மூன்று மிதி ஆன பிறகு ஹாண்டில்பாரை ஏற்றத்தின் பக்கம் திருப்பலாம்.

இதைப் பழக மலை தேவையில்லை. நம் பக்கம் குளம் இல்லாத ஊர் இல்லை. குளத்துக் கரையில் ஏறும் மண்சரிவு போதும். முதல் நாள் வெறும் சைக்கிளில், அடுத்த நாள் இரு பக்கமும் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு. ஏறுங்கள், பாதியில் நில்லுங்கள், மறுபடி கிளம்புங்கள். கரையின் மேல் சமதளத்தில் எவ்வளவு மெதுவாகப் போக முடிகிறது என்றும் பாருங்கள். பொங்கல் போட்டிக்காரர்கள் பின் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே பெடலை அழுத்துவார்கள். வேகம் கைக்குள் நிற்கும். மலையில் அந்தப் பிரேக்கின் வேலையைச் சரிவே செய்கிறது.

அடுத்த ஆண்டு ஜனவரியில் அதே எஸ் வளைவுக்குப் போனேன். புதிய கப், ஃபோர்க்கின் இரு பக்கமும் ஐந்தைந்து கிலோ, பின்னால் பதினைந்து. முன்சக்கரம் அப்போதும் ஆடியது. அதன் போக்கில் ஆட விட்டேன். நான் விழுந்த இடத்துக்கு முன்னாலேயே பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. இறங்கி நின்றேன். இரண்டு லாரிகள் போயின. சைக்கிளைக் குறுக்காக நிறுத்தி, ஒரு மைல்கல்லில் காலை ஊன்றிக் கிளம்பினேன். ஏற்றம் முடியும் கோட்டைவாசல் வந்ததும் சைக்கிளை நிறுத்தி, பைகளைக் கட்டிய ஒவ்வொரு பட்டையையும் இழுத்துப் பார்த்தேன். இடது முன்பையின் ரப்பர் பட்டை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அதை இறுக்கிக் கட்டிவிட்டு, ஆரியங்காவு பக்கம் இறங்கத் தொடங்கினேன்.